கலைத்துப் போட்ட ஐந்து வசனங்கள்

 

தரம் 5 பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்காக இதை எழுதுகிறோம். பதிவு கொஞ்சம் நீளம். வேலை முடிந்து ஆறுதலாக வாசியுங்கள்.

"பின்வரும் வசனங்களை ஒழுங்குபடுத்துக." வினாத்தாளில் இந்த வரியைக் கண்டதும் பென்சிலைக் கடிக்கத் தொடங்கும் பிள்ளைகளை நாங்கள் தினமும் பார்க்கிறோம். கணக்கில் கெட்டிக்காரப் பிள்ளைகூட இங்கே வந்து நின்றுவிடும். பாடசாலை வாசலில் பெற்றோர் கேட்பது ஒன்றுதான்: "சேர், இதுக்கு ஏதும் சுருக்குவழி இருந்தா சொல்லிக் குடுங்களேன்."

சுருக்குவழிக்குப் பஞ்சமில்லை. எட்டியாந்தோட்டையிலும் பலாங்கொடையிலும் பிரத்தியேக வகுப்புக்குப் போய்வந்த பிள்ளைகள் அவற்றை மனப்பாடமாகச் சொல்கிறார்கள். ஆளின் பெயர் வந்தால் அதுதான் முதல் வசனம். "எனவே" வந்தால் அதுதான் கடைசி. நடுவில் உள்ளதை ஊகித்துப் போடு. இந்த வழியால் கிடைக்கும் புள்ளியை விடப் போகும் புள்ளி அதிகம் என்பது எங்கள் கருத்து. ஏன் என்று ஓர் உதாரணத்தோடு சொல்கிறோம். உதாரணம் வினாத்தாளில் இருந்து எடுத்ததல்ல, எங்கள் பிள்ளைகள் காலையில் கண்ணால் காண்பது.

(அ) அந்தப் பாலை மாமா சில மணிநேரத்தின் பின் வாளியில் சேகரிப்பார்.
(ஆ) இருள் விலகும் முன்பே மாமா இறப்பர் மலைக்குப் போவார்.
(இ) அங்கு அதனை வடித்து, அமிலம் சேர்த்து, தட்டுகளில் உறைய விடுவார்கள்.
(ஈ) அவர் மரத்தின் பட்டையைச் சீவியதும் பால் சிரட்டையில் சொட்டத் தொடங்கும்.
(உ) வாளி நிறைந்ததும் அதைத் தொழிற்சாலைக்குக் கொண்டு போவார்.

ஐந்து வசனங்களை 120 விதமாக அடுக்கலாம். ஊகித்துப் போடும் பிள்ளை அந்த 120க்குள் நின்று தடுமாறுகிறது. பெயர் வந்தால் முதல் வசனம் என்ற விதியும் இங்கே கைகொடுக்காது. மாமா (அ)விலும் இருக்கிறார், (ஆ)விலும் இருக்கிறார். "எனவே" எங்கேயும் இல்லை.

இப்போது வேறு விதமாகப் பாருங்கள். (இ)யில் "அங்கு" என்று இருக்கிறது. எங்கு? ஓர் இடத்தின் பெயர் அதற்கு முன் வந்திருக்க வேண்டும். இறப்பர் மலை (ஆ)வில் உண்டு, தொழிற்சாலை (உ)வில் உண்டு. இந்த இடத்தில் அவசரப்படும் பிள்ளை (ஆ)வுக்குப் பின் (இ)யைப் போட்டுவிடும். பக்கத்திலேயே "அதனை" என்ற சொல் நிற்கிறது. எதனை? மலைக்கு இப்போதுதான் போனவரிடம் வடிப்பதற்கு ஒன்றும் இல்லை. ஆகவே (உ)வும் (இ)யும் ஒரு சோடி. அதேபோல "அந்தப் பாலை" என்று சொல்ல வேண்டுமானால் பால் என்ற சொல் முன்னரே வந்திருக்க வேண்டும். அப்படியானால் (ஈ)யும் (அ)வும் ஒரு சோடி.

ஒரு சோடியைக் கண்டுபிடித்ததும் 120 என்பது 24 ஆகிறது. இரண்டாவது சோடியைக் கண்டதும் 6 ஆகிறது. எதையும் சுட்டிக் காட்டாமல் தனியே நிற்கக்கூடிய வசனம் (ஆ) மட்டும்தான் என்பதால் அது முதலில் வரும். மிஞ்சியது இரண்டே வழி. வாளி நிறைவதற்கு முன் வாளியில் எதையாவது ஊற்ற வேண்டும் என்பது தெரிந்த பிள்ளைக்கு அதுவும் முடிந்தது. ஆ, ஈ, அ, உ, இ.

பிள்ளைக்கு இங்கே தேவைப்பட்டது ஒரேயொரு பழக்கம். "அந்த", "அங்கு", "அவர்", "அதனை", "இதனால்", "இவ்வாறு" என்று ஒரு சொல் வந்தால் "எது? யார்? எங்கே?" என்று தன்னையே கேட்பது. தமிழில் இந்தச் சுட்டுச் சொற்கள்தான் வசனங்களைக் கட்டிவைத்திருக்கும் கயிறு. அடுத்தது "உம்". "தங்கையும் அழுதாள்" என்றால் தங்கைக்கு முன்னால் வேறு யாரோ அழுதிருக்கிறார்கள். ஒரு சின்ன விகுதி, ஒரு வசனத்தின் இடத்தையே தீர்மானிக்கிறது. "ஒரு கிழவி" முதலில் வரும், "அந்தக் கிழவி" பிறகு வரும். "ஏனெனில்" என்று தொடங்கும் வசனத்துக்குச் சற்று முன்னால் அது காரணம் சொல்லும் செய்தி இருக்கும்.

வீட்டுப் பேச்சைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். யாரும் குறையாக எடுக்கக் கூடாது. சிங்களப் பிரதேசத்தில் வாழும் எங்கள் முஸ்லிம் வீடுகள் பலவற்றில் "உம்மா வந்த", "வாப்பா வந்த", "மாடு வந்த" என்று எல்லாவற்றுக்கும் ஒரே முடிவுதான். அது எங்கள் பேச்சு, அதில் பிழை ஒன்றும் இல்லை. லயத்துப் பிள்ளைகள் "வந்தாரு", "வந்துச்சு" என்று பிரித்துப் பேசுவார்கள். வினாத்தாளின் தமிழோ "வந்தார்", "வந்தாள்", "வந்தது", "வந்தன" என்று பிரித்துக் காட்டும். எழுவாய் இல்லாத வசனத்தில் யார் செய்தார் என்பதைச் சொல்வது அந்த வினைமுடிவு மட்டும்தான். "பிறகு கூட்டுக்குத் திரும்பின" என்ற வசனத்தைப் பார்த்ததும் இது பறவைகளைப் பற்றியது, ஒரு பறவையைப் பற்றியதும் அல்ல, வேடனைப் பற்றியதும் அல்ல என்று பிள்ளைக்குப் பட வேண்டும். வீட்டில் அந்த முடிவுகளைக் கேட்காத பிள்ளை எங்கே அதைப் பிடிக்கும்? முழுசாக எழுதப்பட்ட கதைகளில் மட்டும்தான். மாதிரி வினாத்தாளில் பிடிக்காது, ஏனென்றால் அங்கே ஐந்து வரிக்கு மேல் தொடர்ச்சியாக ஒன்றும் இல்லை.

ஒரு புள்ளிக்காக இவ்வளவு பேச்சா என்று நினைப்பீர்கள். புலமைப்பரிசில் பரீட்சையின் முதலாம் வினாத்தாளில் 1 மணித்தியாலத்தில் 40 வினாக்கள், ஒரு வினாவுக்கு ஒன்றரை நிமிடம். இரண்டாம் வினாத்தாளில் 1 மணித்தியாலம் 15 நிமிடத்தில் 60 வினாக்கள். மொத்தம் 200 புள்ளிகள். வெட்டுப்புள்ளியோ மாவட்டத்துக்கு ஒன்று, மொழிமூலத்துக்கு ஒன்று. இரத்தினபுரியிலும் கேகாலையிலும் ஓரிரு புள்ளியால் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றுவிட்ட பிள்ளை இல்லாத தோட்டம் இருக்கிறதா? அந்தப் பணமும் வேறு பாடசாலைக்குப் போகும் வாய்ப்பும் பால் வெட்டும், கொழுந்து பறிக்கும் வீட்டுக்கு என்னவென்று நாங்கள் விளக்க வேண்டியதில்லை. (பத்து வயதுப் பிள்ளைக்கு இப்படி ஒரு பரீட்சை வேண்டுமா என்பது வேறு கேள்வி. அதற்குத் தனியே ஒரு பதிவு போடலாம்.)

பரீட்சையைத் தாண்டியும் இது தொடர்கிறது. சாதாரண தரத்தில் வரலாறும் விஞ்ஞானமும் பந்தி பந்தியாக வரும்போது "இதன் விளைவாக" எதன் விளைவு என்று தெரியாத பிள்ளை, பந்தியை அப்படியே பாடமாக்குகிறது. பிறகு அரசாங்க வேலைக்கான போட்டிப் பரீட்சைகளில் நுண்ணறிவு, கிரகித்தல் என்று அதே கேள்வி மீண்டும் வந்து நிற்கிறது. இந்தியாவில் முகாமைத்துவக் கல்லூரிகளுக்கான கேட் பரீட்சையிலும் இதே வகை வினா உண்டு. அங்கே 2015 முதல் தெரிவுகள் தராமல் சரியான ஒழுங்கை நேரே தட்டச்சுச் செய்யச் சொல்கிறார்கள். நான்கு தெரிவுகளை வைத்துக் கழித்துப் பார்க்கும் தந்திரம் அங்கே செல்லாது.

இதைச் செய்ய முடியாத பிள்ளையை "மண்டையில் ஒன்றும் ஏறாது" என்று முத்திரை குத்தும் பழக்கம் எங்கள் பக்கத்தில் இருக்கிறது. அதுதான் எங்களுக்கு ஆகக் கூடிய கோபத்தைத் தருவது. டேவிட் வெக்ஸ்லர் 1939இல் வெளியிட்ட நுண்ணறிவுச் சோதனையில், கலைத்த படங்களைக் கதையாக அடுக்கும் பகுதி ஒன்று இருந்தது. பல பதிப்புகளில் தொடர்ந்து வந்த அந்தப் பகுதியை, பெரியவர்களுக்கான சோதனையின் 2008ஆம் ஆண்டுப் பதிப்பில் நீக்கிவிட்டார்கள். உலகம் முழுவதும் பயன்படுத்தும் ஒரு சோதனையே அதை நுண்ணறிவின் அளவுகோலாக வைத்துக்கொள்ளவில்லை. நாங்கள் ஏன் ஐந்து வசனத்தை வைத்துப் பிள்ளையின் மூளையை நிறுக்க வேண்டும்?

ஒழுங்கு தெரியாத பிள்ளைகளா இவர்கள்? கொழுந்து தொழிற்சாலைக்குப் போனதும் முதலில் வாட்டுவார்கள், பிறகு அரைப்பார்கள், நொதிக்க விடுவார்கள், உலர்த்துவார்கள், கடைசியில் சலித்துத் தரம் பிரிப்பார்கள். லயத்தில் பிறந்த பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள், ஒரு படி பிசகாமல் சொல்லும். பெரட்டுக்களத்தில் பேர் பதிவதில் இருந்து மாலை நிறுவை வரைக்கும் சொல்லும். பிள்ளைக்கு இல்லாதது வாசிப்பு. 1945இல் கன்னங்கராவின் இலவசக் கல்வி நாட்டுக்கு வந்தபோது தோட்டப் பாடசாலைகள் அதற்கு வெளியே நின்றன. அரசாங்கம் அவற்றைப் பொறுப்பேற்றது 1970களில்தான். அந்தப் பிந்தல் இன்றைக்கும் எங்கள் வீடுகளில் தெரிகிறது. ஒரு கதைப் புத்தகம்கூட இல்லாத லயக் காம்பராக்கள் எத்தனை!

இன்னொரு விஷயம், கடைகளில் விற்கும் மாதிரித் தாள்கள். எல்லாவற்றையும் குறை சொல்லவில்லை, நல்லவையும் உண்டு. சிலவற்றில் இப்படியான வினாக்கள் இருக்கின்றன: கடைக்குப் போனோம், சீனி வாங்கினோம், மா வாங்கினோம், வீட்டுக்கு வந்தோம். சீனி முதலா, மா முதலா? விடைத்தாளில் சீனி முதல் என்றிருப்பதால் மாவை முதலில் வாங்கிய பிள்ளைக்குச் சிவப்புப் பேனையால் பிழை விழுகிறது. "ஏன் சேர் பிழை?" என்று பிள்ளை கேட்டால் சொல்வதற்குக் காரணம் இல்லை. அன்றைக்கு அந்தப் பிள்ளை கற்றுக்கொள்வது, இந்த வினாவில் காரணம் தேடக் கூடாது என்பதைத்தான். இப்படிப்பட்ட வினாவைக் கண்டால் தயங்காமல் வெட்டிவிடுங்கள்.

எங்கள் வகுப்புகளில் நாங்கள் புள்ளி போடும் முறை வேறு. ஐந்து வசனத்துக்கு இடையில் நான்கு இணைப்புகள் இருக்கின்றன. ஒவ்வொரு சரியான இணைப்புக்கும் ஒரு புள்ளி. மேலே உள்ள இறப்பர் உதாரணத்துக்கு ஆ, ஈ, உ, இ, அ என்று எழுதிய பிள்ளைக்கு வழக்கமான முறையில் பூச்சியம். எங்கள் முறையில் நான்குக்கு இரண்டு. அதைவிட முக்கியம், "அந்தப் பாலை" என்ற சொல்லைத்தான் தவறவிட்டது என்று பிள்ளைக்கே தெரிகிறது. அடுத்த நாள் அந்தச் சொல்லைத் தவறவிடாது. பரீட்சைத் திணைக்களம் இப்படிப் புள்ளி போடாது என்பது எங்களுக்கும் தெரியும். படிப்பிக்கும் இடத்திலும் பரீட்சை மண்டபம் மாதிரியே நடந்துகொள்ள வேண்டுமா என்ன?

வீட்டில் செய்வதற்குச் செலவு இல்லை. பழைய பத்திரிகையில் சிறுவர் பக்கத்துக் கதை ஒன்றை எடுத்து வசனம் வசனமாகக் கத்தரித்துப் பாயில் கொட்டுங்கள். பிள்ளை கையால் நகர்த்தி நகர்த்தி அடுக்கட்டும். பென்சிலால் இலக்கம் போடுவதைவிடக் கடதாசியை நகர்த்துவது பிள்ளைக்கு லேசு, பிழைத்தால் அழிறப்பரும் தேவையில்லை. அடுக்கி முடித்ததும் ஒவ்வோர் இடத்திலும் "எந்தச் சொல்லை வைத்து இதை இங்கே போட்டாய்?" என்று மட்டும் கேளுங்கள். வாசிக்கத் தெரியாத உம்மா, அம்மா, பாட்டி யாராக இருந்தாலும் இந்தக் கேள்வியைக் கேட்கலாம். பிள்ளை வாசித்துக் காட்டும்போது கதை எங்கே இடறுகிறது என்பது காதுக்கே தெரிந்துவிடும். ஒரு நாளைக்குப் பதினைந்து நிமிடம் போதும்.

பள்ளிவாசல் நிர்வாகத்திடமும் கோயில் பரிபாலன சபையிடமும் ஒரு வேண்டுகோள். உங்கள் மண்டபத்தின் ஒரு மூலையில் ஒரு அலுமாரி தாருங்கள். பழைய கதைப் புத்தகங்களும் சிறுவர் பத்திரிகைகளும் சேர்த்து நாங்கள் கொண்டுவந்து வைக்கிறோம். பூட்டு வேண்டாம். புத்தகம் கிழிந்தால் கிழியட்டும், கிழிந்த பக்கத்தையும் கத்தரித்துப் பாவிக்கலாம்.

இன்றிரவு வீட்டில் செய்து பார்க்க ஒன்று:

(1) அவன் கொப்பியைத் திறந்ததைப் பார்த்துத் தங்கையும் அருகில் வந்து அமர்ந்தாள்.
(2) அண்ணன் கொப்பியைத் திறந்து கணக்குச் செய்யத் தொடங்கினான்.
(3) அந்த வெளிச்சத்தில் இருவரும் படித்து முடித்தார்கள்.
(4) திடீரென லயத்தில் மின்சாரம் தடைப்பட்டது.
(5) எனவே அம்மா ஒரு விளக்கை ஏற்றி வைத்தார்.

இதற்குக் குறைந்தது இரண்டு சரியான விடைகள் இருக்கின்றன, வேண்டுமென்றேதான் அப்படி எழுதினோம். இரண்டையும் பிள்ளை கண்டுபிடிக்கட்டும். விடை இலக்கத்தை எங்களுக்கு அனுப்ப வேண்டாம். எந்தச் சொல்லைப் பிடித்துக் கண்டுபிடித்தது என்று பிள்ளை சொன்னதை, அதன் வாயால் வந்த மாதிரியே எழுதி அனுப்புங்கள்.