சட்டத்தரணியின் நோய்: குற்றவாளி யார்?

குடிப்பவரின் ஒழுக்கத்தை எடைபோடுவது சமுதாயத்தின் பழைய வழக்கம். ஆனால் அந்தத் தராசு எல்லோருக்கும் ஒரேமாதிரி நிற்பதில்லை. கூலித் தொழிலாளி குடித்துத் தெருவில் விழுந்தால் அவனையும் அவன் குலத்தையும் சேர்த்து ஏசுவோர், கற்றறிந்த சட்டத்தரணி ஒவ்வோர் இரவும் குடித்தால் அதனைப் பெரிய மனிதரின் பொழுதுபோக்கென்று கருதி முகத்தைத் திருப்பிக்கொள்வர். ஒருவனிடம் குற்றமாகத் தோன்றுவது மற்றவரிடம் அந்தஸ்தாகத் தோன்றுகிறது. நோயை நோயென்று காணும் கண் இரு விடயத்திலும் இல்லை. மனச்சோர்வும் அவ்வாறே. ஏழை சோர்ந்திருந்தால் அவன் சோம்பேறி. சட்டத்தரணி சோர்ந்திருந்தால் அவர் தொழிலுக்கு லாயக்கற்றவர்.

இக்குருட்டுத்தனத்தின் விலை என்ன என்பதை அமெரிக்க ஐக்கிய நாடுகளின் அனுபவத்திலிருந்து நாம் நன்கு அறியலாம். சட்டத் தொழில் பெருஞ் செல்வாக்குடன் விளங்கும் நாடு அது. அத்தொழிலினரின் உளநலம் விரிவாக ஆராயப்பட்டிருக்கும் நாடும் அது.

அமெரிக்கச் சட்டத்தரணிகள் சங்கமும் ஹேசல்டன் பெற்றி ஃபோர்ட் நிறுவனமும் இணைந்து நடத்திய ஆய்வொன்று 2016ஆம் ஆண்டில் வெளியாயிற்று. தொழில் புரிந்துகொண்டிருந்த 12,825 சட்டத்தரணிகள் அதில் பங்குபற்றினர். அவர்களுள் 20.6 சதவீதத்தினரின் குடி, தீங்கு பயக்கும் அளவையோ அடிமைநிலையையோ எட்டியிருக்கக்கூடும் என்பதை வினாக்கொத்து காட்டியது. 28 சதவீதத்தினரிடம் மனச்சோர்வின் அறிகுறிகளும், 19 சதவீதத்தினரிடம் பதகளிப்பின் அறிகுறிகளும் காணப்பட்டன. குடியின் தீங்கு எவரிடம் மிகுதி? நெடுங்காலம் உழைத்துக் களைத்த முதியோரிடம் அன்று. தொழிலுக்கு வந்து பத்தாண்டு நிறையாத இளையோரிடம். இது தனிமனிதரின் பலவீனம் என்போர் ஒன்றுக்கு விடை கூறவேண்டும். கடும் போட்டிப் பரீட்சைகளில் தேறி வந்த மனவுறுதி படைத்த இளைஞர்கள், தொழிலுக்குள் காலடி வைத்த சில ஆண்டுகளிலேயே கூட்டங் கூட்டமாகப் பலவீனராய் மாறியது எங்ஙனம்?

நோயின் அறிகுறிகள் மறைபொருள் அல்ல. மனச்சோர்வு என்பது ஒருநாள் துயரமன்று. குறைந்தது இரண்டு வாரம், ஏறக்குறைய நாள் முழுவதும் மனம் கனத்திருத்தல், முன்பு விருப்பூட்டியவற்றில் விருப்பம் அற்றுப்போதல், உறக்கமும் பசியும் குறைதல் அல்லது மிகுதல், சிந்தனை ஒருமுகப்படாமை, தான் எதற்கும் உதவாதவன் என்ற எண்ணம், சாவைப் பற்றிய நினைவு. இவை மருத்துவ நூல்கள் கூறுவன. குடிக்கு அடிமையானவர் நினைத்த அளவோடு நிறுத்த இயலாதவர். குறைக்க முயன்று முயன்று தோற்பவர். அதே மயக்கத்துக்கு வரவர மிகுதியான மதுவை வேண்டுபவர். குடியாத காலையில் கை நடுங்குபவர்.

சட்டத்தரணியின் கந்தோரில் இவ்வறிகுறிகள் வேறு வேடம் பூண்டு வருகின்றன. பிரிக்கப்படாத கடிதங்கள் மேசையில் குவிகின்றன. கட்சிக்காரரின் தொலைபேசி அழைப்புக்குப் பதில் இல்லை. மனுத் தாக்கல் செய்யவேண்டிய கடைசி நாள் தவறிப்போகிறது. தக்க காரணமின்றித் தவணை கேட்கப்படுகிறது. திங்கட்கிழமைகளில் ஆளைக் காணோம். மதிய உணவுக்குப் பின் எழுதியவற்றில் முன்பில்லாத பிழைகள் மலிகின்றன. இறுதியில், கட்சிக்காரர் ஒப்படைத்த பணத்திலேயே கை வைக்கும் நிலை வருகிறது. இவ்வளவு நடக்கும்போதும் மன்றிலே அவர் கணீரென்று பேசிக்கொண்டிருத்தல் கூடும். நண்பர்கள் ஏமாறுவது இங்கேதான். நள்ளிரவிலும் விளக்கெரியும் அறையைக் கண்டு நிறுவனத்தின் பங்காளர் மெச்சுகிறார். உள்ளே இருப்பவர் உழைக்கிறாரா, வீடு செல்ல மனமின்றிச் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறாரா என்று அவர் கேட்பதில்லை.

இவை அவரவர் சொந்த விடயம், நமக்கென்ன என்று கூறுவோர் ரொபேர்ட் ஹோல்சியின் வழக்கை அறிதல் வேண்டும். ஜோர்ஜியா மாநிலத்தில் துணை ஷெரிப் ஒருவரைக் கொன்றமைக்காக 1997ஆம் ஆண்டில் விசாரிக்கப்பட்ட கறுப்பினத்தவர் அவர். அவருக்காக வாதாட மன்று ஒரு சட்டத்தரணியை நியமித்தது. அச்சட்டத்தரணி வழக்கு நடந்த நாட்களில் ஒவ்வோர் இரவும் ஏறத்தாழ ஒரு லீற்றர் வொட்கா குடித்தார். பின்னொரு நாளில் அவரே இதனை ஒப்புக்கொண்டார். அக்காலத்தில் எவருக்காகவும் வாதாடத் தாம் அனுமதிக்கப்பட்டிருக்கக் கூடாதென்றும் கூறினார். ஹோல்சியின் அறிவுவளர்ச்சிக் குறைபாட்டையும், குழந்தைப் பருவத்தில் அவர் பட்ட கொடுமைகளையும் யூரர் முன் உரியவாறு எடுத்துரைக்க ஆளில்லாது போயிற்று. மேன்முறையீடுகள் பயனளிக்கவில்லை. 2014 டிசெம்பரில் ஹோல்சிக்கு மரணதண்டனை நிறைவேற்றப்பட்டது.

ஹோல்சி செய்த கொலையை நாம் நியாயப்படுத்தவில்லை. நாம் கேட்பது வேறு. வசதி படைத்த ஒருவர், தம் சட்டத்தரணியின் கை நடுங்கக் கண்டால் மறுநாளே வேறொருவரை அமர்த்திக்கொள்வார். ஏழைக்கு அந்த வழி இல்லை. மன்று தந்தவரே அவனுக்குக் கதி. ஆகவே சட்டத்தரணியின் நோயை மூடிமறைக்கும் பெருந்தன்மை, உண்மையில் ஏழையின் தலைமீது வைக்கப்படும் பணயம். நோயுற்றவரும் அவரை நம்பியவரும் ஒருசேரக் கைவிடப்படுகின்றனர்.

இந்நோய்க்கு உடற்கூறும் குடும்பச் சூழலும் காரணமாதல் உண்டு. ஆயினும் ஒரு தொழிலையே பீடிக்கும் நோயின் வேரைத் தொழிலின் அமைப்பிலும் தேடாதவர் உண்மையைத் தேடாதவரே. பெரிய அமெரிக்கச் சட்ட நிறுவனங்களில் சட்டத்தரணியின் நேரம் ஆறு நிமிடத் துண்டுகளாக வெட்டப்பட்டுக் கட்சிக்காரரின் கணக்கில் எழுதப்படுகிறது. அமெரிக்கச் சட்டத்தரணிகள் சங்கம் 1958ஆம் ஆண்டில் வெளியிட்ட சிறுநூலொன்று, கட்டணம் ஈட்டும் மணித்தியாலங்கள் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,300 என்று மதிப்பிட்டது. இன்றோ பல பெரிய நிறுவனங்கள் இளஞ் சட்டத்தரணியிடம் எதிர்பார்ப்பது 1,900 மணித்தியாலமும் அதற்கு மேலும். ஆண்டில் ஐம்பது வாரம் உழைத்தாலும் வாரத்துக்கு 38 மணித்தியாலம் கணக்கில் ஏறவேண்டும். பயிற்சி, வழிப்பயணம், கட்சிக்காரரின் கணக்கில் எழுத இயலாத கூட்டம், கடிதப் போக்குவரத்து ஆகியன அதில் சேரா. சட்டக் கல்வியை முடிக்கும்போதே இலட்சம் டொலருக்கு மேற்பட்ட கடனைச் சுமந்து வரும் பலருக்கு, இத்தொழிலை விட்டு வெளியேறும் உரிமை ஏட்டில் மட்டுமே உண்டு. ஆலைத் தொழிலாளியின் உழைப்பு நேரம் விற்கப்படுவதை நாம் சுரண்டல் என்கிறோம். கழுத்துப்பட்டி அணிந்தவரின் நேரம் விற்கப்படும்போது அதற்கு வேறு பெயர் எதற்கு?

இந்நிலைக்கு மருந்தாகச் சில நிறுவனங்கள் வழங்குவன மூச்சுப் பயிற்சி வகுப்புகளும் தியானத்துக்கான கைப்பேசிச் செயலியும். மணித்தியாலக் கணக்கில் மட்டும் ஒரு நிமிடமும் குறைவதில்லை. உண்மையான உதவித் திட்டங்களை நாம் இகழவில்லை. அமெரிக்கச் சட்டத்தரணிகள் சங்கம் 1988இல் இதற்கென ஓர் ஆணைக்குழுவை அமைத்தது, மாநிலங்களில் இயங்கும் உதவித் திட்டங்களில், குடியிலிருந்து மீண்ட சட்டத்தரணிகளே பிறருக்குக் கைகொடுக்கின்றனர், இரகசியமும் பேணப்படுகிறது. அவை போற்றத்தக்கன. ஆனால் அங்கும் பலர் செல்வதில்லை. உதவி நாடாமைக்குக் காரணம் கேட்டபோது, பிறர் அறிந்துவிடுவர் என்ற அச்சமே 2016ஆம் ஆண்டு ஆய்வில் முன்னின்றது. அவ்வச்சம் வீணானதன்று. தொழிலில் சேர விண்ணப்பிப்போரிடம் உளநோய் வரலாற்றைக் கேட்கும் வழக்கம் பல மாநிலங்களில் நிலவி வந்தது. மாணவர்களோ உண்மையைச் சொல்லித் தொழிலை இழப்பதா, நோயை மறைத்து உயிரை இழப்பதா என்று தவித்தனர். நியூயோர்க் மாநிலம் அவ்வினாவை 2020இல் நீக்கியது. அது நல்ல தொடக்கம்; எல்லா இடத்தும் அது நிகழவேண்டும்.

எனவே அறிகுறிகளை அறிதல் என்பது நோயாளியை உளவு பார்ப்பதன்று. சக சட்டத்தரணி தனிமையில் அழைத்து, தாம் கண்டதைக் கண்டபடி கூறவேண்டும்: “மூன்று தவணை தவறிவிட்டது, நீங்கள் உறங்குவதாகவும் தெரியவில்லை.” உபதேசம் வேண்டாம். சாவைப் பற்றி நினைக்கிறீர்களா என்று நேராகக் கேட்கலாம்; கேட்பதனால் அவ்வெண்ணம் முளைப்பதில்லை என்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. வைத்தியரிடம் உடன் செல்லவேண்டும். அதே வேளையில் அவர் கையிலிருக்கும் வழக்குகளைப் பொறுப்பேற்றுக் கட்சிக்காரரைக் காக்கவேண்டும். இவை தோழமையின் கடமைகள். மணித்தியால இலக்கைக் குறைத்தல், ஏழைக்கு நியமிக்கப்படுவோரின் தகுதியை மன்று கண்காணித்தல், சிகிச்சை பெற்றவரைத் தண்டியாதிருத்தல் ஆகியன நிறுவனங்களின் கடமைகள். முன்னவற்றைப் பேசிப் பின்னவற்றை விழுங்குவோரை நாம் நம்பலாகாது.

நமது வகுப்பறைகளிலிருந்தும் ஆண்டுதோறும் சிலர் சட்டக் கல்விக்குச் செல்கின்றனர். பெற்றார் பெருமை கொள்கின்றனர், நாமும் மகிழ்கின்றோம். வாதத்திறமையையும் சொல்வன்மையையும் அவர்களுக்குக் கற்பிக்கும் நாம், “என்னால் முடியவில்லை, உதவி செய்யுங்கள்” என்று சொல்வது இழுக்கன்று என்பதையும் கற்பித்திருக்கிறோமா? இல்லையெனில் அக்குற்றத்தில் நமக்கும் பங்குண்டு.