கிறவல் ரோட்டு எங்களுக்குப் புதிசில்லை

"சைக்கிளோ? இங்க கார் வாங்க வழியில்லாதவன்தான் சைக்கிள் ஓடுவான்."

ஸ்காபரோவில் வளர்ந்த எங்களில் இதைக் கேட்காதவர்கள் குறைவு. சொல்பவர் அப்பாவாக இருப்பார், இல்லாவிட்டால் பிறந்தநாள் விழாவில் பக்கத்துக் கதிரையில் இருக்கும் மாமா. அதே மாமா அரை மணித்தியாலம் கழித்து, சாவகச்சேரியிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு டபிள்ஸ் உழக்கிப் போன கதையைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்லுவார்.

எங்களிடம் வேறொரு சாட்டு இருக்கிறது: "அது வெள்ளைக்காரரின்ர பொழுதுபோக்கு." பெரியவர்கள் சைக்கிளை ஏழையின் வண்டி என்கிறார்கள். நாங்கள் அதைப் பணக்காரனின் விளையாட்டு என்கிறோம். இரண்டும் பிழை. இந்த இரண்டு பிழைக்கும் நடுவில், எங்கள் வீட்டு வாசலில் இருந்து தொடங்க வேண்டிய ஒரு பாதையை நாங்கள் இழந்துகொண்டிருக்கிறோம்.

'கிறவல் பைக்' என்பது இப்போது ஒரு மோகம். தடித்த ரயர், வளைந்த ஹாண்டில், நல்லது வாங்கப் போனால் ஆயிரக்கணக்கில் டொலர். அதை ஓடுகிறவர்கள் பிரான்சின் மலைக் கிராமங்களைச் சொர்க்கம் என்கிறார்கள். அங்கே ஆர்தேஷ் பகுதியில் 'டோல்சே வியா' என்று ஒரு பாதை உண்டு. பழைய ரயில் பாதையின் தண்டவாளத்தை எடுத்துவிட்டு, கிறவல் போட்டு, நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் விட்டிருக்கிறார்கள். ஏறக்குறைய 90 கிலோமீற்றர். ரயிலால் செங்குத்தாக ஏற முடியாது. அதனால் சுற்றிலும் மலையாக இருந்தாலும் பாதை மெதுவாகத்தான் ஏறும். பத்து வயதுப் பிள்ளையும் ஓடலாம், அறுபது வயது அம்மாவும் ஓடலாம். பின்னால் ஹோர்ன் அடிக்க ஒரு காரும் வராது.

அதற்காகப் பிரான்சுக்குப் போகத் தேவையில்லை. ரொறன்ரோவுக்கு வடமேற்கே கலிடன் இருக்கிறது. 1870களில் போட்ட ஒரு ரயில் பாதை இன்று 'கலிடன் ட்ரெயில்வே' என்ற பெயரில் ரெறா கொட்டாவிலிருந்து பல்கிறேவ் வரை 35 கிலோமீற்றர் நீளும் கிறவல் பாதை. இன்னும் கொஞ்சம் மேற்கே எலோறா முதல் கற்றறக்ற் வரை 47 கிலோமீற்றருக்கு இன்னொன்று. மேடும் பள்ளமும், தோட்டமும் காடும். மே மாதத்தில் ஒருமுறை போய்ப் பாருங்கள்.

ஆனால் எப்படிப் போவீர்கள்? மோர்ணிங்சைட்டில் இருந்தோ மார்க்கம் ரோட்டில் இருந்தோ கலிடனுக்குப் போவதென்றால், சைக்கிளைக் காரின் பின்னால் கட்டி, 401இல் ஊர்ந்து போக வேண்டும். கார் இல்லாத ரோட்டில் ஓட முதலில் கார் வேண்டும்! எனக்குக் கோபம் வருவது இங்கேதான். போக்குவரத்து இல்லாத அமைதி என்பது காரும் ஓய்வுநாளும் உள்ளவனுக்கு மட்டும் கிடைக்கும் பொருளாகிவிட்டது. சனி ஞாயிறும் வேலைக்குப் போகிறவரின் பிள்ளைக்கு லோறன்ஸ் அவெனியூவின் ஆறு தடங்கள்தான் மிச்சம்.

எங்கள் பக்கத்திலும் ஒரு பாதை உருவாகிறது. டொன் பள்ளத்தாக்கிலிருந்து றூஜ் தேசியப் பூங்கா வரை, ஹைட்ரோ கம்பிகளுக்குக் கீழே 16 கிலோமீற்றர் நீளும் 'மெடோவே'. வெறும் புல் வெட்டிக்கொண்டிருந்த நிலத்தில் காட்டுப் பூக்களை விதைத்திருக்கிறார்கள். கிறவல் இல்லை, தார்தான். இருந்தாலும் கார் இல்லை. பாதைக்குள் நுழைந்துவிட்டால் நிம்மதி. அதுவரை போவதும், அது பெரிய ரோட்டுகளைக் குறுக்கே வெட்டும் இடங்களும்தான் பயம். வீட்டிலிருந்து அங்கே போக ஒரு பாதுகாப்பான சைக்கிள் தடம் வேண்டும்.

அந்தத் தடங்களுக்கு என்ன நடந்தது? ஸ்காபரோவில் பார்மசி, பேர்ச்மவுண்ட் ரோட்டுகளில் சைக்கிள் தடங்கள் இருந்தன. 2011இல் நகரசபை வாக்கெடுத்து அவற்றை அகற்றியது. 2024 நவம்பரில் ஒன்ராறியோ அரசு இன்னொரு சட்டம் கொண்டுவந்தது. கார்த் தடத்தை எடுத்துச் சைக்கிள் தடம் போட மாகாணத்தின் அனுமதி வேண்டும் என்றது அந்தச் சட்டம். புளோர், யங், யூனிவர்சிற்றி வீதிகளில் இருந்த தடங்களையும் அகற்றலாம் என்றது. 2025 ஜூலையில் ஒரு நீதிபதி, அவற்றை அகற்றுவது மக்களின் உயிருக்கும் பாதுகாப்புக்கும் உள்ள உரிமையை மீறுகிறது என்று தீர்ப்பளித்தார். மேன்முறையீடு செய்வோம் என்றது அரசு. இந்தச் சண்டை முழுவதும் டவுன்ரவுனைப் பற்றியது. எங்கள் ஸ்காபரோவுக்காகக் கத்த ஆள் குறைவு. ஏன் என்றால் நாங்களே கேட்கவில்லை. கேட்டால் வீட்டிலேயே சிரிப்பார்கள்.

பெரியவர்கள் ஏன் சிரிக்கிறார்கள் என்று யோசித்திருக்கிறீர்களா? வெறும் பகட்டு என்று நானும் நெடுநாள் நினைத்தேன். 1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வரவில்லை. நோயாளியும் விறகு மூட்டையும் பள்ளிக்கூடப் பிள்ளையும் சைக்கிளில்தான் போனார்கள். கிளாலிக் கடலைப் படகில் கடந்தபோது சைக்கிளையும் ஏற்றினார்கள். 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில், மழையில், சனத்துக்குள் உழக்க முடியாமல், வீட்டுச் சாமான் முழுவதையும் கட்டிய சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தார்கள். வன்னியில் செம்மண் கிறவல் ரோட்டு அவர்களுக்குப் பொழுதுபோக்காக இருக்கவில்லை. அப்படி வந்தவர், மகன் மழையில் சைக்கிளில் வருவதைப் பார்த்து முகம் சுளித்தால், அதை எப்படிப் பிழை சொல்வது?

அந்த வலியை மதிக்கிறேன். ஆனால் அதிலிருந்து எடுக்கும் முடிவை ஏற்க மாட்டேன். துன்பத்தைக் கொடுத்தது போரும் தடையும். அந்தத் துன்பத்தில் கைவிடாமல் கூட வந்ததுதான் சைக்கிள். அதை அவமானமாக நினைப்பது, இக்கட்டில் உதவிய சிநேகிதனை வசதி வந்ததும் தெரியாதவன் போலக் கடந்து போவதற்குச் சமம்.

"பனிக்குள்ள எப்பிடி ஓடுறது? இரவு வேலைக்கு எப்பிடிப் போறது?" நியாயமான கேள்விகள். காரை விற்கச் சொல்லவில்லை. ஜனவரியில் ஓடச் சொல்லவுமில்லை. வருடத்தில் ஏழெட்டு மாதம், பதினாறு வயதுப் பிள்ளை அம்மாவிடம் 'ரைட்' கேட்காமல் நூலகத்துக்கும் வேலைக்கும் உயிரோடு போய்வர வேண்டும் என்கிறேன். அந்தப் பிள்ளைக்கு மூவாயிரம் டொலர் பைக் வேண்டாம். பழைய சைக்கிளும் தொடர்ச்சியான ஒரு பாதையும் போதும்.

ஆகவே, மருமக்களே, தம்பி தங்கச்சிமாரே, இரண்டு வேலை செய்யுங்கள். உங்கள் நகரசபை உறுப்பினருக்கு நாலு வரி எழுதுங்கள்: எங்கள் வீட்டிலிருந்து மெடோவே வரை பாதுகாப்பான தடம் எங்கே என்று கேளுங்கள். தமிழர்கள் இதைக் கேட்பதில்லை என்ற எண்ணம் அவருக்கு இருந்தால் அது போகட்டும்.

மற்றது, வருகிற ஞாயிறு அப்பாவுக்கும் ஒரு சைக்கிள் தேடிப் பிடித்து மெடோவேக்குக் கூட்டிப் போங்கள். முதல் ஐந்து நிமிடம் முழங்கால் நோகுது என்பார். பிறகு கையை விட்டு ஓடிக் காட்டப் பார்ப்பார். அப்போது மட்டும் கவனமாக இருங்கள்.