சுரங்கக் கழிவும் நம் ஆற்று மணலும்

மீளக் குடியேறி வீடு கட்டத் தொடங்கும் குடும்பங்களுக்குச் சீமெந்துக்கு அடுத்த கவலை மணல். அதை நாம் ஆற்றிலிருந்தே அள்ளுகிறோம். கனகராயன் ஆற்றிலோ அருவியாற்றிலோ அளவுக்கு மீறித் தோண்டினால் படுகை தாழும். அயற் கிணறுகளின் நீர் கீழிறங்கும். கடலை அண்டிய இடங்களில் உவர் ஏறும். வீட்டுக்கு மணல் தந்த ஆறு தோட்டத்துக்கு நீர் தராமற் போவது என்னவென்று கமக்காரருக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

உலகம் ஆண்டுக்கு ஏறத்தாழ 5,000 கோடி தொன் மணலும் சரளையும் பயன்படுத்துவதாக ஐ.நா. சுற்றாடல் திட்டம் 2022இல் அறிவித்தது. மறுபுறம் சுரங்கங்கள் கழிவை மலையாகக் குவிக்கின்றன. பிரேசிலின் மினாஸ் ஜெராயிஸ் மாநிலத்தில், தாதுவை அரைத்து இரும்பைப் பிரித்தபின் எஞ்சும் சேற்றை அணைகட்டித் தேக்கினார்கள். 2019 ஜனவரி 25இல் புறுமாடின்யோவில் அத்தகைய அணையொன்று உடைந்தது. கீழே தொழிலாளரின் உணவுச்சாலை இருந்தது; நேரமோ மதியம். 270 பேர் மாண்டனர்.

அச்சுரங்கத்தை நடத்திய வாலே கம்பனி, அதே மாநிலத்துப் புறுகுட்டு சுரங்கத்தில் கழிவாகப் போகவிருந்ததை மணலாக்கும் முயற்சியில் இறங்கியது. எஞ்சுவதில் பெரும்பகுதி சிலிக்கா; மேலும் பிரித்துச் சுத்தம் செய்தால் கொங்கிறீற்றுக்கும் வீதிக்கும் உதவும். குயின்ஸ்லாந்து, ஜெனீவா பல்கலைக்கழக ஆய்வாளர்களும் 2022இல் இது ஆற்று மணலுக்கு மாற்றாகலாம் என்றனர். இதை வரவேற்கிறோம். ஆனால் புதிய சுரங்கம் தோண்ட இது ஒரு சாட்டாகிவிடக் கூடாது.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும்: எல்லாக் கழிவும் மணலல்ல. சில தாதுக்களின் கழிவில் ஆர்செனிக், ஈயம் போன்ற நஞ்சுகள் தங்கும். நமது புல்மோட்டைக் கனிய மணலிலும் மொனசைற் உண்டு. அதில் கதிர்வீசும் தோரியம் இருக்கிறது. மலிவான பொருள் எப்போதும் முதலில் ஏழைகளின் வீட்டுத் திட்டத்துக்கே வந்து சேரும். பரிசோதனை அறிக்கையைக் காணாமல் பிள்ளைகள் உறங்கும் சுவருக்குள் அதை வைக்க நாம் சம்மதிக்கக் கூடாது. அறிக்கையைத் தமிழில் கேட்கும் உரிமையும் நமக்குண்டு.

பெரிய இரும்புச் சுரங்கங்கள் நம்மிடம் இல்லை. நமக்குக் கைக்கெட்டியது கருங்கல் உடைக்கும் இடங்களில் எஞ்சும் தூள். அதில் மாப்போன்ற துகள் கூடினால் கலவை அதிக தண்ணீர் கேட்கும், கல் பலவீனப்படும். கிராம அபிவிருத்திச் சங்கங்கள் தூளைக் கழுவி, ஒரு பங்கு ஆற்று மணலுக்குப் பதிலாகச் சேர்த்துச் சில சீமெந்துக் கற்களை அரிந்து பார்க்கலாம். இரண்டு கிழமை தண்ணீர் விட்டு நனைத்தபின், வழமையான கல்லையும் அதனருகே வைத்து உடைத்துப் பார்த்தால் மேசன்மாரே தீர்ப்புச் சொல்வார்கள்.