பிரித்து வைத்தால் ஆங்கிலம் வந்துவிடாது

"கெட்டிக்காரப் பிள்ளைகளையும் மெல்லக் கற்கும் பிள்ளைகளையும் ஒரே வகுப்பில் வைத்து ஆங்கிலம் சொல்லித்தர முடியாது, தனித்தனிப் பிரிவாக்க வேண்டும்." தொடக்கப் பள்ளிகளைப் பற்றிப் பேச்செடுத்தாலே இந்த வாதம் வந்துவிடுகிறது. இதற்குச் சொல்லப்படும் காரணங்கள் எதுவும் நிற்கவில்லை.

'ஆளுக்கொரு நிலை, எனவே நிலைக்கொரு பிரிவு' என்பது முதல் காரணம். ஆங்கிலத்தில் ஒரு பிள்ளைக்கு ஒரே நிலைதான் என்று யார் சொன்னது? பாடத்தைக் கடகடவென்று வாசிக்கும் மாணவி, வாசித்ததன் பொருளைக் கேட்டால் விழிக்கிறாள். எழுத்துக்கூட்டத் திணறும் மாணவன், 'க்ளோஸ் தி டோர்' என்றதும் எழுந்துபோய்க் கதவைச் சாத்துகிறான். இவர்களில் யார் மேல்பிரிவு, யார் கீழ்ப்பிரிவு? நடைமுறையிலும் இது ஆகாத காரியம். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, 60 பிள்ளைகள் வரை படிக்கும் தொடக்கப் பள்ளிக்கு 2 ஆசிரியர்கள். ஐந்து வகுப்புகளை இருவர் பார்க்கும் பள்ளியில் ஆறாவது, ஏழாவது பிரிவுக்கு ஆள் எங்கே?

'கெட்டிக்காரர்கள் பின்தங்கிவிடுவார்கள்' என்பது இரண்டாவது. எல்லோருக்கும் ஒரே வேலையைக் கொடுத்தால் பின்தங்குவார்கள்தான். வேலையை மாற்றிக் கொடுங்கள். சந்தைப் படம் ஒன்றைக் காட்டி, ஒருவன் 'மேங்கோ' என்று பெயர் சொல்லட்டும். அடுத்தவள் 'திஸ் இஸ் எ மேங்கோ' என்று வாக்கியமாக்கட்டும். மூன்றாமவள் கடைக்காரரிடம் 'ஹவ் மச் இஸ் திஸ்?' என்று விலை கேட்கட்டும். படம் ஒன்றுதான், வேலை மூன்று. பெயர் மட்டும் சொன்னவன் மற்ற இரண்டையும் காதால் கேட்டிருப்பான். தனிப் பிரிவில் அது அவனுக்குக் கிடைக்காது.

'மெல்லக் கற்பவர்களுக்காகத் தமிழில் விளக்கினால் வகுப்பே கெடும்' என்பது மூன்றாவது. 'கல்', 'தங்கம்', 'பகல்' மூன்றிலும் ககரம் ஒரே மாதிரி ஒலிப்பதில்லை. தமிழ் வாசிக்கும் பிள்ளைக்கு இது பழக்கம். இதைக் காட்டிவிட்டு, 'கேட்' (cat), 'சிட்டி' (city) என்ற சொற்களில் 'சி' என்ற ஆங்கில எழுத்து ஒலி மாறுவதைச் சொன்னால் குழப்பம் பாதியாகக் குறையும். வகுப்பு முழுவதற்கும் இதில் லாபமே.

'எண்ணும் எழுத்தும் திட்டத்தில் தமிழ்நாடு அரசே அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்கிறதே' என்பார்கள். 2022இல் தொடங்கிய அத்திட்டம் ஒரே வகுப்பறைக்குள் அமைக்கும் குழுக்கள் அவை. அரும்பில் இருப்பவர் மொட்டுக்கும் மலருக்கும் நகர வேண்டும் என்பதே நோக்கம். கொஞ்ச நேரம் குழுவாக உட்காரவைத்துக் கற்பிப்பது நல்ல முறை. ஆண்டு முழுவதும் 'நீ கீழ்ப்பிரிவு' என்று ஒதுக்கிவைப்பது ஏழு வயதுப் பிள்ளைக்கு இழைக்கும் அநீதி.

தலைமையாசிரியர்களே, பெற்றோர்களே, தனிப் பிரிவு கேட்காதீர்கள். ஆசிரியருக்குப் படங்களும் வாசிப்பு அட்டைகளும் கேளுங்கள். நிரப்பாமல் கிடக்கும் ஆசிரியர் பணியிடங்களை நிரப்பச் சொல்லிக் கேளுங்கள். பிள்ளைகள் சேர்ந்தே படிக்கட்டும்.