நடிப்புக்கு வாரம் ஒரு பாடவேளை

மாண்புமிகு பள்ளிக் கல்வித்துறை அமைச்சர் அவர்களுக்கு,

2022-23 கல்வியாண்டு முதல் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் நடந்துவரும் கலைத் திருவிழா, மேடையையே பார்த்திராத பல பிள்ளைகளை மேடையேற்றியிருக்கிறது. அதைத் தொடங்கிய துறையிடம்தான் அடுத்த படியையும் கேட்க முடியும். போட்டி திறமையைத் தேர்ந்தெடுக்கும், எல்லோருக்கும் கற்றுத்தராது. பள்ளியிலிருந்து ஒரு நாடகக் குழு போகும், மற்ற பிள்ளைகள் கைதட்டுவார்கள். போகிற குழுவும் பெரும்பாலும் ஆசிரியர் எழுதித் தந்த வசனத்தை மனப்பாடம் செய்து, அவர் காட்டிய இடத்தில் நின்று, அவர் சொன்ன இடத்தில் அழுதுவிட்டு வருகிறது. நோட்ஸைப் பார்த்து விடை எழுதுவதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

நான் கேட்கும் நடிப்பு வகுப்பு வேறு. வட்டமாக உட்கார்ந்த பிள்ளைகளிடம் ஒரு துண்டைக் கொடுத்து, ‘இது துண்டு இல்லை, வேறென்ன என்று பேசாமல் செய்து காட்டுங்கள்’ என்று சொல்லும் பயிற்சியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் செய்ததை இன்னொருவர் செய்யக் கூடாது. தலைப்பாகை, கைக்குழந்தை, பாம்பு என்று முதல் ஐந்தாறு பேர் முடித்துவிடுவார்கள். அடுத்த பிள்ளை திணறும். கைக்கு எட்டிய விடையெல்லாம் தீர்ந்துபோன அந்த இடத்தில்தான் யோசனை தொடங்குகிறது. பாடத்துக்குள்ளும் இதைக் கொண்டுவரலாம். இங்கிலாந்தின் டொரத்தி ஹீத்கோட், மாணவர்களையே துறை வல்லுநர்களாக நிறுத்திப் பாடம் நடத்தும் முறையை வகுத்தார். எட்டாம் வகுப்பில், ஏரியைத் தூர்த்துப் பேருந்து நிலையம் கட்டலாமா என்று ஒரு கிராமசபை நடத்திப் பாருங்கள். தாசில்தாராக நிற்கும் பிள்ளைக்கும் மீன் குத்தகைதாரராக நிற்கும் பிள்ளைக்கும் எந்தப் புத்தகத்திலும் விடை இல்லை. எதிராளி சொன்னதைக் காதுகொடுத்துக் கேட்டால்தான் பதிலே பிறக்கும்.

பாடம் முடிக்கவே நேரமில்லை என்பார்கள். நியாயமான கவலைதான். ஆனால், அந்த ஒரு பாடவேளை படிப்புக்கு நட்டமாகாது. ஹார்வர்டின் ‘பிராஜெக்ட் ஜீரோ’ ஆய்வாளர்கள் 2000-இல் வெளியிட்ட தொகுப்பாய்வு, கலைப் பயிற்சி படிப்பை உயர்த்தும் என்ற பேச்சைக் கறாராகச் சோதித்தது. பெரும்பாலான உரிமைகோரல்களுக்குப் போதிய சான்று இல்லை என்றது. அப்படிப்பட்ட ஆய்வே, வகுப்பறை நாடகம் மொழித்திறனை வளர்க்கிறது என்பதை ஏற்றுக்கொண்டது. நடித்துப் பார்த்த கதை மட்டுமல்ல, நடிக்காத புதிய பகுதிகளும் பிள்ளைகளுக்குக் கூடுதலாகப் புரிந்தன. அங்கே அளந்தது படைப்பாற்றலை அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால், ஓரிடத்தில் பழகியதைப் பழகாத இடத்துக்கு எடுத்துச் செல்லும் திறனைத்தானே நாம் படைப்புச் சிந்தனையிடம் எதிர்பார்க்கிறோம்?

கூச்ச சுபாவமுள்ள பிள்ளைகள் ஒடுங்கிப்போவார்கள் என்பது இன்னொரு ஆட்சேபம். மேடைக்கு அது பொருந்தும். பார்வையாளரே இல்லாமல் வகுப்பு முழுவதும் சேர்ந்து செய்யும் பயிற்சிக்குப் பொருந்தாது. ஆசிரியர்களுக்கு எங்கே போவது என்ற கேள்விதான் கடினமானது. இதற்கு நடிகர்கள் வேண்டாம். இருக்கும் ஆசிரியர்களுக்கே நாடகக் கலைஞர்களைக் கொண்டு பயிற்சி அளிக்கலாம். இது புதிய யோசனையும் அல்ல. இலங்கையில் ‘நாடகமும் அரங்கியலும்’ பள்ளிக் கல்வியின் இறுதிக்கட்டமான உயர்தரம் வரை, தமிழ்வழியிலும், ஒரு பாடமாகவே இருக்கிறது. 2005-இன் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு இசை, நடனம், ஓவியத்தோடு நாடகத்தையும் பள்ளிக் கல்வியில் சேர்க்கச் சொன்னது.

ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை வாரம் ஒரு பாடவேளை ஒதுக்குங்கள். அதற்குத் தேர்வும் மதிப்பெண்ணும் வேண்டாம். கலைத் திருவிழாவில், தலைப்பை அரை மணி நேரத்துக்கு முன்பு மட்டும் கொடுத்து, பிள்ளைகளே உருவாக்கி நடிக்கும் நாடகத்துக்கும் ஓர் இடம் கொடுங்கள்.