வீட்டு ரவுட்டரின் பாதுகாப்பு யார் பொறுப்பு?

2017-ஆம் ஆண்டு ஜூலை மாத இறுதியில், கர்நாடகத்தில் பி.எஸ்.என்.எல். பிராட்பேண்ட் இணைப்புப் பெற்றிருந்த இல்லங்கள் பலவற்றில் மோடம்கள் திடீரெனச் செயலிழந்தன. கம்பி அறுபடவில்லை, மின்சாரமும் தடைப்படவில்லை. தீய நிரல் ஒன்று, தொழிற்சாலையில் இடப்பட்ட ‘அட்மின்’ என்னும் கடவுச்சொல் மாற்றப்படாதிருந்த கருவிகளுக்குள் புகுந்து அவற்றை முடக்கிவிட்டது. அக்கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ளுமாறு நிறுவனம் சந்தாதாரர்களைக் கேட்டுக்கொண்டது. அறிவுரை சரியானதே. ஆயினும் அதனை நிறைவேற்றும் பொறுப்பு முழுவதையும் சந்தாதாரர்மீதே சுமத்துவது முறையாகுமா என்பதே நாம் சிந்திக்கவேண்டியது.

ரவுட்டர் என்பது ஒரு சிறு கணிப்பொறியேயாகும். அதனை இயக்குவது, ‘ஃபர்ம்வேர்’ எனப்படும் உள்நிரல். இந்நிரலில் உள்ள குறைகள் சில, கருவி விற்பனையான பின்னரே வெளிப்படுகின்றன. உற்பத்தியாளர் திருத்திய நிரலை வெளியிட்டாலும், சுவர் மூலையில் ஓசையின்றி இயங்கும் கருவியை எவரும் நினைப்பதில்லை. ஆனால் இணையத்தில் ஓயாது அலையும் தீய நிரல்கள் அதனை மறப்பதில்லை. 2016-இல் பரவிய ‘மிராய்’ என்னும் நிரல், பொதுவாக வழங்கும் பெயர்களும் கடவுச்சொற்களுமாக அறுபதுக்கு மேற்பட்ட இணைகளை ஒவ்வொன்றாக முயன்றே எண்ணற்ற கருவிகளைக் கைப்பற்றியது. கைப்பற்றப்பட்ட கருவி வழக்கம்போலவே இயங்கலாம். உரிமையாளர் அறியாமலே அது பிறரைத் தாக்கும் படையில் சேர்ந்திருக்கும், அல்லது அவரைப் போலியான வங்கித் தளத்திற்கு இட்டுச்செல்லும்.

மொழிபெயர்ப்புப் பணியில் உள்ள எனக்கு இதில் ஓர் அனுபவம் உண்டு. ‘கடவுச்சொல்லை மாற்றுக’ என்று எழுதுவது எளிது. ஆனால் வைஃபையில் சேர்வதற்கான கடவுச்சொல் வேறு. ரவுட்டரின் அமைப்புகளையே மாற்றுவதற்கான நிர்வாகக் கடவுச்சொல் வேறு. மைசூருவில் என் வீட்டிலேயே, முன்னதை மாற்றிவிட்டு, பின்னதும் மாறிவிட்டதென நெடுநாள் நம்பியிருந்தேன். எந்தக் கடவுச்சொல், அது எங்கே உள்ளது என்று கூறாத எச்சரிக்கை எம்மொழியில் இருந்தாலும் பயனற்றதே.

செய்யவேண்டியவை சிலவே. கருவியின் அடிப்பக்கத்தில் ஒட்டியுள்ள சீட்டில் காணும் முகவரியை உலாவியில் இட்டு, நிர்வாகக் கடவுச்சொல்லை முதலில் மாற்றவேண்டும். உள்நிரல் தானாகவே புதுப்பிக்கப்படும் வசதி இருப்பின் அதனை இயக்கிவைக்கவேண்டும். இல்லையேல் உற்பத்தியாளரின் தளத்திலிருந்து மட்டுமே புதிய நிரலைப் பெறவேண்டும். வெளியிலிருந்து கருவியை நிர்வகிக்கும் வசதியை நிறுத்திவிடலாம். திருத்தங்கள் வெளிவருவது நின்றுபோன பழைய கருவியை மாற்றிவிடுவதே நலம். நிறுத்தி மீண்டும் இயக்கினால் மிராய் போன்ற நிரல்கள் நீங்கும் என்பது உண்மை. ஆனால் பழைய கடவுச்சொல் அப்படியே இருந்தால் அவை விரைவிலேயே திரும்பிவரும்.

பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், எளிதில் ஊகிக்கக்கூடிய பொதுக் கடவுச்சொல்லுடன் இத்தகைய கருவிகளை விற்பது சட்டத்தால் தடுக்கப்பட்டுள்ளது; பாதுகாப்புத் திருத்தங்கள் எதுவரை வழங்கப்படும் என்பதையும் அறிவித்தாகவேண்டும். நம் நாட்டிலும், பெங்களூரில் உள்ள தகவல்தொடர்புப் பாதுகாப்புக்கான தேசிய மையம் ரவுட்டர்களுக்குரிய பாதுகாப்புத் தேவைகளை வகுத்துள்ளது. இவை வரவேற்கத்தக்கன. எனினும், இல்லங்களில் ஏற்கெனவே இயங்கிவரும் கருவிகளை விதிகள் தாமாகத் திருத்திவிடமாட்டா.

ஆகவே, கடவுச்சொல் மாற்றப்பட்டு, அவ்வீட்டார் அறிந்த மொழியில் ஓர் அட்டையில் வழிமுறை எழுதித் தரப்படும்வரை இணைப்புப் பணி முடிந்ததாகக் களப்பணியாளர் கருதலாகாது. ஆசிரியர்கள் ஒரு பாடவேளையை இதற்கு ஒதுக்கி, மாணவர்கள் தத்தம் வீட்டுக் கருவியைப் பெற்றோருடன் சேர்ந்து ஆராயச் செய்யலாம். பூட்டைப் பொருத்தியவர் சாவியையும் ஒப்படைத்துச் செல்வதே முறை.