கரையை வெட்டாதீர்கள், மடை இருக்கிறது!

நீங்கள் திருநெல்வேலியில் கடை வைத்திருக்கிறீர்கள். அதற்கு ஒரு வெப்சைட்டும் இருக்கிறது. செய்து கொடுத்த தம்பி கடைசியாகச் சொல்லிவிட்டுப் போனது இதுவா என்று யோசித்துப் பாருங்கள்: ‘‘அண்ணாச்சி, அப்டேட்னு ஒண்ணு காட்டும். அதை மட்டும் அமுக்கிராதிய!’’

ஆம் என்றால், உங்களிடமே காசு வாங்கிக்கொண்டு உங்கள் கரையை வெட்டிவிட்டுப் போயிருக்கிறார்.

எந்தக் கரை? சொல்கிறேன். அநேகமாக உங்கள் வெப்சைட் வேர்ட்பிரஸ்ஸில் ஓடும். உலகத்து வெப்சைட்டுகளில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் அதில்தான் ஓடுகின்றன. 2003-ல் மாட் முல்லன்வெக்கும் மைக் லிட்டிலும் ஆரம்பித்தது. இலவசம். உள்ளே இருக்கும் நிரலை யாரும் திறக்கலாம், மாற்றலாம். இந்த ‘மாற்றலாம்’தான் வினை. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ‘தீபாவளி அல்வா ஆர்டர் இந்தத் தேதி வரை’ என்று ஒரு வரி கேட்கிறீர்கள். தம்பி வேர்ட்பிரஸ்ஸின் ஃபைலையோ தீமின் ஃபைலையோ திறந்து, நடுவில் செருகி, சேவ் பண்ணுகிறார். அஞ்சு நிமிஷ வேலை. நாளைக்குப் புது வெர்ஷன் வந்தால் பழைய ஃபைல்கள் போய்ப் புதியவை உட்காரும். உங்கள் வரி அம்பேல். அதனால்தான் அந்த ‘அமுக்கிராதிய’.

இதற்கு வழியை 2004-லேயே, 1.2 வெர்ஷனில் வைத்துவிட்டார்கள். பெயர், ஆக்‌ஷன் ஹூக். நம்ம ஊர்க்காரருக்கு இதை விளக்க ரொம்ப மெனக்கெட வேண்டாம். தாமிரபரணியில் கோடைமேலழகியான் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டு. அங்கே பிரிகிற கால்வாய்களில் வழியெல்லாம் மடை. காருக்கோ பிசானத்துக்கோ தண்ணீர் விட்டால் மடையைத் திறந்து வயலுக்கு வாங்கிக்கொள்வார்கள். எவனாவது கரையை வெட்டினால் ஊரே திரண்டு வந்துவிடும்.

வேர்ட்பிரஸ்ஸும் ஒரு பக்கத்தைத் தயாரிக்கும்போது வழியில் பல இடங்களில் நின்று, ‘இங்கே யாருக்காவது ஏதாவது செய்யணுமா?’ என்று கேட்டுவிட்டுத்தான் நகர்கிறது. அந்த இடங்கள்தான் மடைகள். ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. பக்கத்தின் அடிக்கு ‘டபிள்யூபி ஃபுட்டர்’, பதிவைச் சேமிக்கும் நேரத்துக்கு ‘சேவ் போஸ்ட்’. உங்கள் வரியைத் தனியாக ஒரு சின்ன ப்ளக்-இன் ஃபைலில் ஃபங்ஷனாக எழுதி, ‘ஆட் ஆக்‌ஷன்’ என்ற ஒரே கட்டளையில் மடையின் பெயரையும் ஃபங்ஷனின் பெயரையும் சொன்னால் போதும். ஒரே மடையில் நாலு பேர் நின்றால்? முறை உண்டு. ஆளுக்கொரு எண் கொடுக்கலாம், கொடுக்காவிட்டால் 10. அஞ்சாம் எண்காரர் முந்திக்கொள்வார், இருபது பிந்தும். (முன்னால் நிற்பவர் மடங்கி விழாதவரை கடைமடைக்கும் இங்கே தண்ணீர் வந்துவிடும். ஆற்றில் அப்படிச் சொல்ல முடியுமா?)

வேர்ட்பிரஸ் எத்தனை முறை அப்டேட் ஆனாலும் அந்தத் தனி ஃபைலை அது தொடாது.

‘‘ரெண்டாயிரம் ரூவா வேலைக்கு இம்புட்டு இலக்கணமா?’’ என்பார் தம்பி. மொத்தமே பத்து வரிக்குள் அடங்குகிற இலக்கணம்தான். அந்தப் பத்து வரிக்குச் சோம்பல்பட்டு, ஒரு கடைக்காரரை அப்டேட் பண்ணாமல் கட்டிப்போடுவது என்ன தர்மம்? அப்டேட் என்றால் பொத்தான் கலர் மாறுகிற சமாசாரம் மட்டும் இல்லை. 2017 ஜனவரியில் வேர்ட்பிரஸ் 4.7-ல் ஒரு ஓட்டை தெரிந்தது. பாஸ்வேர்டு இல்லாமலே யாரும் உங்கள் பக்கத்தைத் திருத்தி எழுதலாம். 26-ம் தேதி 4.7.2 வந்து ஓட்டையை அடைத்தது. தானாக அப்டேட் ஆகும்படி விட்டிருந்தவர்கள் பிழைத்தார்கள். விஷயம் பிப்ரவரி முதல் தேதி வெளியே தெரிந்ததும், அப்டேட் ஆகாத சைட்டுகளில் லட்சக்கணக்கான பக்கங்களில் கண்டவனும் புகுந்து கிறுக்கினான். ‘அமுக்கிராதிய’ என்று யாரோ சொன்னதைக் கேட்டுச் சும்மா இருந்தவர்களும் அதில் இருந்திருப்பார்கள்.

தம்பியை மட்டும் திட்டவும் மனசு வரவில்லை. நாமும் வரி வந்துவிட்டதா என்று பார்த்தோமே தவிர, எங்கே எழுதினாய் என்று கேட்டோமா? வீடு கட்டுகிற கொத்தனாரிடம் கம்பி என்ன கனம் என்று துருவுகிறவர்கள்தானே நாம்?

அடுத்த தடவை தம்பி பாக்கிப் பணத்துக்கு வந்து நிற்கும்போது, உங்கள் கண் முன்னாலேயே அப்டேட்டை அமுக்கச் சொல்லுங்கள். எல்லாம் இருந்த இடத்தில் இருந்தால், அந்தத் தனி ஃபைலையும் ஒரு பென் டிரைவில் வாங்கி வைத்துக்கொண்டு, காசை எண்ணிக் கொடுங்கள்.